ஏசி ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு

அலுவலகக் கட்டடங்களை நிர்வகிக்கும் அனைவருக்கும்,

வணக்கம். வெளியே வெயில் கொளுத்தும் ஒரு மதியம் உங்கள் அலுவலகத்துக்குள் ஒரு சுற்று வந்து பாருங்கள். நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் தொங்கும். ஏசி காற்று வரும் துவாரத்தை யாரோ அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்திருப்பார்கள். காசு கொடுத்துக் குளிரை வாங்கிவிட்டு, அதிலிருந்து தப்பிக்கவும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது 26 டிகிரி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 22இல் ஓடும் ஏசியை 26க்குக் கொண்டுவந்தால், அது இழுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்தால் கம்ப்ரசருக்கு வேலை குறைகிறது, அவ்வளவுதான்.

“26ஆ? வியர்த்துக் கொட்டுமே!” என்பீர்கள். கோட்டும் டையுமாக உட்கார்ந்தால் கொட்டத்தான் செய்யும். ஜப்பான் அரசு 2005இல் ‘கூல் பிஸ்’ திட்டத்தில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொன்னபோது, கோட்டையும் டையையும் கழற்றிவிடவும் சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்தார். 2008இல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகம் 22.2இலிருந்து 25க்கு மாறியபோதும், லேசான உடையில் வாருங்கள் என்றுதான் ஊழியர்களிடம் சொன்னார்கள். நம் அலுவலகங்களில் நடப்பது தலைகீழ். கோட் போட்ட நாலு பேருக்கு இதமாக இருக்க வேண்டும் என்று மாடி முழுவதும் நடுங்குகிறது.

அதிலும் பெண்கள் பாடு கொஞ்சம் கூடுதல். கட்டடக் குளிரைத் தீர்மானிக்கும் சூத்திரம் 1960களில், சராசரி ஆண் உடலை அடிப்படையாக வைத்து உருவானது. பெண்களின் உடல் வெளியிடும் வெப்பத்தை அது மிகையாக மதிப்பிடுகிறது என்று 2015இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. குளிருகிறது என்று சொல்பவரை இனியாவது கேலி செய்யாதீர்கள்.

அப்புறம், மின்விசிறி. ஏசி இருக்கிறதே என்று அதைக் கழற்றி எறிந்த கட்டடங்கள் எத்தனையோ! காற்று மேலே பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலிருக்கும். ஏசியோடு ஒப்பிட்டால் அது தின்னும் மின்சாரம் ஒன்றுமே இல்லை.

ஒரே நாளில் 26க்குத் தாவ வேண்டாம். வாரத்துக்கு ஒரு டிகிரி போதும். வெயில் விழும் ஜன்னலோர இருக்கைகளுக்குத் திரைச்சீலை போடுங்கள், முதல் புகார் அங்கிருந்துதான் வரும். சர்வர் அறையைத் தொடாதீர்கள், அது தனிக் கணக்கு. முதல் டிகிரியை உயர்த்தும் அன்றே, கோட்டும் டையும் கட்டாயமில்லை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். அதை முதலில் மேலதிகாரிகள் கடைப்பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஊழியர்