போன் திரையில் கசிவது மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த ‘ஒளிரும் பிளாஸ்டிக்’ கட்டுரையை வாசித்தேன். கல்லடியில் பதினொரு வருடமாகப் போன் திருத்துகிறவன் நான். கட்டுரை பிடித்திருந்தது. ஆனால், ‘நம் கையிலுள்ள போன் திரைகள் இந்தப் பிளாஸ்டிக்கால் ஆனவை, இனி பழுதாகும் என்ற பயமில்லை’ என்று முடித்திருந்தீர்களே, அதில் இரண்டு பிழை.

1990இல் கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழுவினர் பி.பி.வி. என்ற பல்பகுதியத்தில் (நீங்கள் பிளாஸ்டிக் என்றது இந்த வகையைத்தான்) மின்னோட்டம் செலுத்தி மஞ்சள் பச்சை ஒளி எடுத்தது உண்மைதான். இந்த வகைப் பல்பகுதியங்களைக் கரைசலாக்கி மை போல அச்சிடலாம் என்பதுதான் பெரிய கவர்ச்சி. 2002இல் பிலிப்ஸ் சவர இயந்திரம் ஒன்றின் குட்டித் திரையிலும் பல்பகுதியம் ஒளிர்ந்தது. ஆனால் இன்றைய போன்களின் ஓ.எல்.ஈ.டி. (மின்னோட்டம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் படலத் திரை) வேறு வழியில் வந்தது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் தாங், வான் ஸ்லைக் இருவரும் காட்டியபடி, சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் வழி அது.

இரண்டாவது பிழைதான் என் கடை மேசைக்கு வருகிறது. போன வாரம் ஒரு பெரியம்மா மூலை வெடித்த போனை நீட்டி, “உள்ளுக்குள்ள மை ஊத்துண்டு போச்சு மனே, துடைச்சுத் தா” என்றார். பழைய எல்.சி.டி. (திரவப் பளிங்குத் திரை) என்றால் உள்ளே உண்மையிலேயே திரவம் பரவும், அந்த ஞாபகம். ஓ.எல்.ஈ.டி.யில் சிந்துவதற்கு எதுவும் இல்லை. ஒளி தரும் படலம் தலைமுடித் தடிப்பில் பல நூறில் ஒரு பங்குதான். வெடிப்பு வழியே ஒட்சிசனும் ஈரமும் உள்ளே போனால் கதோட்டு (எதிர்மின்வாய்) உலோகம் கெட்டு, அந்த இடம் ஒளிராமல் போகிறது. அதுதான் பெரியம்மா மை என்று நினைத்த கறுப்பு. பல்பகுதியம் என்றாலும் இதே கதைதான், காற்றுப் படாமல் அடைத்தே வைக்க வேண்டும். வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம் இருக்கிற எங்கள் ஊரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்!

ஆகவே ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே, கறுப்புப் புள்ளி தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்க்காமல், வெடிப்பின் மேல் டேப் ஒட்டி, படங்களையும் நம்பர்களையும் உடனே வேறிடத்தில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பெரியம்மாவின் பேரப்பிள்ளை படங்களை அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் திரையில் பாதி இல்லை.

போன் திருத்துநர்,
கல்லடி, மட்டக்களப்பு.