பதக்கத்தின் முதுகு

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தி,

உன் ஆடி மாதக் கடிதத்துக்குத் தையில் பதில். திட்டாதே. முழங்கால் அப்படியேதான் இருக்கு, சின்னவன் வேலை மாறிட்டான், இவர் வழக்கம்போலப் பேப்பரைக் கரைத்துக் குடிக்கிறார். நான் ஒரு காரியம் பண்ணித் தொலைச்சிருக்கேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாமியாரோட வெள்ளைக்கல் பதக்கம் ஞாபகமிருக்கா? "கழுத்துல அதிரசம் தொங்குது"ன்னு என் கல்யாணத்துல நீ காதோரம் சொல்லி, நான் சிரிச்சு மாட்டிக்கிட்டேனே, அதுதான். அவங்க அப்பா ஐதராபாத்தில் வேலையா இருந்தப்போ வாங்கினது. ஆவணியில் அவங்க போனதும் என் பீரோவுக்கு வந்தது. அழிச்சு ரெண்டு பேத்திக்கும் தோடு பண்ணிடலாம்னு நாத்தனார் பிடிச்ச பிடி. சரின்னு புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போனோம். "கல்லுக்கு மதிப்பில்லைம்மா, அரக்கு எடையும் கழியும்"னு சொல்லிக்கிட்டே அந்தப் பையன் கொறடை எடுத்துட்டான். நல்லவேளை, பதக்கத்தைக் குப்புறக் கவிழ்த்தான்.

முதுகில் ஒரு கிளி, வசந்தி! வெள்ளைத் தரையில் பச்சைக்கிளி, அலகில் மாதுளம்பூ. அந்தச் சிவப்பு நேத்துப் போட்ட மாதிரி இருக்கு. முப்பத்தெட்டு வருஷமா அவங்க நெஞ்சைப் பார்த்தே இருந்திருக்கு, நான் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் இதே பைத்தியம். மஞ்சக்குப்பத்தில் ஒரு வயசான பத்தர் உட்கார வெச்சு விளக்கினார். இது வடக்கத்தி மீனாவேலை. தங்கத்தைச் செதுக்கிப் பள்ளமாக்கி, கண்ணாடிப் பொடியைக் குழைச்சு நிரப்பி, சூளையில் உருக்குவாங்களாம். சூட்டை நல்லாத் தாங்குற வெள்ளை முதல்ல, சிவப்பு கடைசியில. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சூடு, ஒண்ணு பிசகினா எல்லாம் போச்சு. ஜெய்ப்பூர் பக்கத்து அம்பர் கோட்டை ராஜா மான்சிங் லாகூர்லேருந்து மீனாக்காரங்களைக் கூட்டிவந்தார்னு கதை. நம்ம கெம்பு அட்டிகைக்கு முதுகு வெறும் தங்கம்தானே, அதான் எனக்கு இந்த மயக்கம். முன்பக்கம் குந்தன். கொக்கியே கிடையாது. உள்ளே அரக்கு, அதுமேல பளபளன்னு ஒரு மெல்லிய தகடு, அதுமேல பட்டை தீட்டாத வைரம். சுத்தி இருக்குற இடுக்கில் சொக்கத்தங்கத் தாளைச் சூடில்லாம அழுத்தியே இறுக்கிடுவாங்க. நமக்கு மினுங்குறது பாதி அந்தத் தகடுதான்.

இதை இவர்கிட்ட சொன்னா, "ஐதராபாத் நிஜாம் நகை 173 உருப்படியை 1995-ல 218 கோடி குடுத்து வாங்கின கவர்மெண்ட்டு, உன் அதிரசத்தையும் வாங்குமா கேளு"ங்கிறார்.

இனிமேதான் விஷயம். பத்தரைப் பார்க்கிறதுக்கு முதல் நாள் ராத்திரி, சுத்தமாக் கொண்டுபோகணும்னு பூந்திக்கொட்டைத் தண்ணியைச் சுடவெச்சு அதில் ஊறப்போட்டேன். காலையில் நடுக்கல்லும் பக்கத்துக் கல்லும் செத்துப்போச்சு. கண்ணில் புரை விழுந்த மாதிரி சாம்பல். தண்ணி உள்ளே இறங்கித் தகடு கறுத்துடுச்சாம். பத்தர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

மாமியார் குளிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றி, பழைய வேட்டித்துணியில் துடைச்சு, மரச்சிமிழில் வெச்சுட்டுத்தான் போவாங்க. காய்ச்சலில் கிடந்தப்போகூட ஈரத்துணி போடும்முன் "அதைக் கழட்டு"ன்னாங்க. கருமித்தனம்னு உன்கிட்டயே எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன். அந்தக் கடிதமெல்லாம் இருந்தா கிழிச்சுப் போட்டுடு.

கல்லைத் திறந்து புதுத் தகடு வைக்கலாமாம். ஆனா "கிளி விரிசல் விட்டா நான் பொறுப்பில்லை"ன்னு பத்தர் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். உன் மாப்பிள்ளை இன்னும் ஜெய்ப்பூரில்தானே இருக்கார்? ஜோஹரி பஜார் பக்கம் குந்தன் வேலை தெரிஞ்ச நல்ல கைக்காரர் யாராவது இருந்தா விசாரிக்கச் சொல்லு. கூரியரில் அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவரேன், முழங்கால் கிடக்கட்டும்.

நாத்தனார் போன் பண்ணினா நீ எதையும் உளறிடாதே. பதக்கம் பாங்க் லாக்கரில் இருக்குன்னு சொல்லியிருக்கேன். அரிசி டிரம்மில் இருக்கு.

உன்
கலா