போதும்னு சொல்லக் கத்துக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல ஒரு வெள்ளைக்காரர் வாழை இலை முன்னாடி ஸ்பூனோட முழிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி கார்ட்டூன் போட்டிருந்தீங்க. சிரிப்பு வந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா அப்படி ஒருத்தருக்கு எதிர்லயே உக்காந்து சாப்பிட்டவன் நான், அதான் எழுதறேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மெஸ், மத்தியானம் ஒன்றரை மணி, கூட்டம் அள்ளுது. என் டேபிள்ல ஒரு போர்ச்சுகல் ஜோடிய கொண்டாந்து உக்கார வச்சாங்க, கோவா பாத்துட்டு அப்படியே கீழ இறங்கி வந்தவங்களாம். முன்னபின்ன தெரியாத ஆளோட ஒரே டேபிள்ல சாப்பிடறதே அவங்களுக்குப் புதுசு. சப்ளையர் "ஜன்னல் பக்கம் தள்ளிக்கங்க, காத்து வரும்"னு கைய காட்டவும் அந்தம்மா டக்குனு நிமிந்து பாத்தாங்க, அவங்க பாஷையிலயும் அது ஜனேலாவாம். சாவி, அலமாரி எல்லாமே அங்கேருந்து வந்த வார்த்தைதான்னு நான் சொல்ல, சாப்பாடு வர்றதுக்குள்ளயே பழக்கமாயிட்டாங்க.

இலை போட்டதும் நாம தண்ணி தெளிச்சு வழிச்சு விடுவோம்ல, அந்தம்மா டம்ளர் தண்ணிய பாத்து யோசிச்சுட்டு தன்னோட வாட்டர் பாட்டில எடுத்து தெளிச்சாங்க, விவரமானவங்க. அவர் இடது கைய உபயோகிக்கக் கூடாதுன்னு எங்கயோ படிச்சுட்டு வந்திருப்பார் போல, அத தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு ஒத்தக் கையால அப்பளத்த உடைக்கறேன்னு பறக்க விட்டார். காரக்குழம்பு வந்துச்சு பாருங்க, கண்ணுல மூக்குல எல்லாம் தண்ணி (மிளகாய இந்த ஊருக்கு கப்பல்ல கொண்டாந்ததே உங்க ஆளுங்கதானய்யான்னு நெனச்சுக்கிட்டேன், சொல்லல).

பிரச்சினையே அதுக்கப்பறம்தான். இலையில மிச்சம் வச்சா மரியாதை இல்லைன்னு அவர் சுத்தமா வழிச்சு சாப்பிடறார், இலை காலியா இருந்தா பசி அடங்கலைன்னு நம்ம சப்ளையர் மறுபடி சோத்த கொட்டறார். ரெண்டு பேருமே மரியாதையாத்தான் நடந்துக்கறாங்க, மாட்டிக்கிட்டது அவர் வயிறு. ரசத்துக்கு ஒரு தடவ, மோருக்கு ஒரு தடவ, அதையும் முடிச்சப்பறம் இன்னொரு கரண்டி, வேர்த்துக் கொட்டுது, வேணாம்னு சொன்னா சமைச்சவங்க கோவிச்சுக்குவாங்களான்னு என்கிட்ட மெதுவா கேக்கறார். அடப்பாவமேன்னு இருந்துச்சு. இலைக்கு மேல கைய நீட்டி மறைச்சுக்கிட்டு "போதும்"னு சொல்லுங்கன்னேன். இலைய தன் பக்கமா மடிச்சுட்டு எந்திரிக்கணும்னு மடிச்சுக் காட்டினேன், அந்தப் பக்கம் மடிக்கறது துக்க வீட்டுலன்னதும் மடிச்சு வச்சிருந்த இலைய மறுபடி ஒரு தடவ சரி பாத்துக்கிட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது பக்கத்து டேபிள்ல ரெண்டு பசங்க கேக்காம கொள்ளாம செல்போன்ல வீடியோ எடுத்துட்டே இருந்தானுங்க, ரீல்ஸ் போடவாம். நம்ம வீட்டு விருந்தாளி வாய்ல சோத்த வைக்கறப்ப இப்படி எடுப்போமா? எனக்கு எரிச்சல் தாங்கல, சத்தம் போட்டேன். அதே மாதிரி வெளிநாட்டுக்காரங்கன்னாலே கேக்காமலே ஸ்பூனையும் ஃபோர்க்கையும் கொண்டாந்து வைக்கறதையும் விடணும், கையால சாப்பிட்டுப் பாக்கணும்னு ஆசப்பட்டுத்தான் அவங்க ஏசி ஓட்டல விட்டுட்டு மெஸ்ஸுக்கு வர்றாங்க, வேணும்னா அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க.

ஓட்டல்காரங்க சங்கத்துக்கு உங்க பேப்பர் மூலமா ஒரே ஒரு கோரிக்கை. "மீல்ஸ் ரெடி" போர்டுக்குப் பக்கத்துலயே இங்கிலீஷ்ல நாலு வரி எழுதி வைங்க: சோறு, குழம்பு எத்தன தடவ வேணும்னாலும் கேட்டு வாங்கலாம், வேணாம்னா இலைக்கு மேல கைய காட்டி போதும்னு சொல்லணும், முடிச்சதும் இலைய உங்க பக்கமா மடிக்கணும், பில்லு கல்லாவுல குடுக்கணும். பெயின்டருக்கு அர நாள் வேலைகூட கிடையாது. டூரிஸ்ட் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதிட்டா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிம்மக்கல், மதுரை