குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓண விழாவும் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடந்தேறின. ஓடை தூர்வாரப்பட்டது. கண் பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போய் இன்னும் நடைபெறவில்லை.

இவ்வாண்டின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது, தக்கலை சாலையிலுள்ள வணிகக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் எழுந்த செல்போன் டவர் விவகாரம்தான். குழந்தைகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் செயலாளரின் வீட்டுக்கே வந்தனர்; ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்ததைக் காட்டி மனு எழுதினோம். கையெழுத்துகளுக்குக் குறைவில்லை. (ஒருவர் கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே செருகிப் பேசியபடியே கையெழுத்திட்டார்.) ஆனால் நாகர்கோவிலில் ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவுடன் சென்றபோது உடன் வந்தவர் பொருளாளர் மட்டுமே.

2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, தனியார் கட்டிடத்தில் டவர் நிறுவ உள்ளாட்சியின் அனுமதி தேவைப்படவில்லை. கட்டிட உறுதிச் சான்றுடன் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்தால் போதுமாக இருந்தது. கதிர்வீச்சு வரம்பை வகுப்பது தொலைத்தொடர்புத் துறை என்பதால், உடல்நல அச்சத்தைக் காரணம் காட்டி நகராட்சி தடுத்திருக்க முடியாது. இதை விளக்கிய பிறகும், 'செயலாளர் விலை போய்விட்டார்' என்று தேநீர்க்கடையில் பேசப்பட்டது காதுக்கு எட்டாமல் இல்லை.

எனவேதான் கதிர்வீச்சை அளந்து பார்க்க வேண்டும் என்று செயற்குழுவில் வற்புறுத்தினேன். தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாயும் வரியும் கட்டினால் துறையினர் கருவியுடன் வருவர். டவரின் அடியில் நிற்பவரைவிட, ஆன்டெனாவுக்கு நேரெதிரே அதே உயரத்தில் நிற்பவர் மீதே அலைகள் அதிகம் விழும் என்பதால், எதிர்வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடும் கொடிக்கு அருகிலேயே அளக்கச் செய்தோம். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் நடப்பிலுள்ள வரம்பு சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அளவீடு அதற்குள்ளேயே இருந்தது. சிலருக்கு இதில் ஏமாற்றம். டவருக்கான ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் இன்னும் தீரவில்லை என்பதில் எனக்கும் ஏமாற்றமே.

அளவீட்டுக்கான தொகையைச் செயலாளரே கொடுத்துள்ளார். சங்கம் திருப்பித் தர வேண்டியுள்ளது. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன; விவரம் பொருளாளர் வசம் உள்ளது. மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி வைத்துள்ளனர். டவருக்கு இடம் கொடுத்த கட்டிட உரிமையாளரோ, சந்தாவை ஆண்டுத் தொடக்கத்திலேயே செலுத்திவிட்ட உறுப்பினர் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தலைவர், செயற்குழுவினர், மொட்டைமாடியைத் திறந்துவிட்ட குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி.

ஜெனரேட்டர் குறித்த புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எடுத்துச் செல்ல, வரும் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்துபோக நேரமுள்ள ஒருவர் தேவை. செயலாளர் பொறுப்போடு சேர்த்தே ஏற்க விரும்புபவருக்கு, கோப்புகள் அனைத்தும் அடுக்கித் தயாராக உள்ளன. பாக்கியுள்ள சந்தாவை ஓணத்துக்கு முன் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்