லாஹூல்ல ஆளே இல்லைன்னு யாரு சொன்னது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இமாச்சலப் பிரதேசத்துல இருக்கற லாஹூல் பத்தி ரெண்டு பக்கம் கலர் போட்டோவோட போட்டிருந்தீங்க, பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா எல்லைப்பக்கம் ரோடு போடற கிரெஃப் படையில டோசர் ஆபரேட்டரா இருந்து அந்தப் பனியில ஒம்பது வருஷம் கெடந்தவன் நான். படிச்சு முடிச்சதும் சப்புனு ஆயிடுச்சு. "மனித வாடையே இல்லாத பனிப் பாலைவனம்"னு எழுதிருக்காரு உங்க நிருபர். ஏங்க, அவரு படுத்த மெத்தைய யாரு விரிச்சாங்களாம், குடிச்ச டீய யாரு போட்டாங்களாம்?

ஆளு கம்மிதான், ஒத்துக்கறேன். லாஹூல் ஸ்பிதி மாவட்டம் 13,800 சதுர கிலோமீட்டருக்கும் மேல, ஆனா 2011 சென்சஸ்படி மொத்த ஜனமே 31,564 தான். எங்க போடி டவுன்லயே அதுக்கு டபுளுக்கு மேல இருக்கோம். அங்க மேல முழுக்க பாறையும் பனியும், ஜனங்க இருக்கறதெல்லாம் ஆத்தோரம்தான். சந்திரா, பாகான்னு ரெண்டு ஆறு, ரெண்டுமே பாராலாச்சா கணவாய்கிட்டதான் பொறக்குது, ஆனா ஆளுக்கொரு பக்கமா எறங்கி, சந்திரா மட்டும் பெரிய சுத்து சுத்திட்டு வந்து தாண்டிங்கற எடத்துல பாகாவோட சேருது. அங்கருந்து அதுக்கு சந்திரபாகான்னு பேரு, கீழ போனா நாம ஸ்கூல்ல படிச்ச செனாப். அந்தத் தாண்டியில ஒரு பெட்ரோல் பங்க், "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு போர்டு வெச்சிருப்பாங்க, பைக்ல போற பசங்க எல்லாம் அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு அப்படியே போயிடுவாங்க, மேல இருக்கற ஊர்ப்பக்கம் ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்.

அங்க மழை ரொம்ப கொறச்சல், மணாலி பக்கம் கொட்டற மழைய மலை மறிச்சிடும். பனி உருகுற தண்ணிய மலைச்சரிவுல வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டாருவாங்க, குஹல்னு சொல்லுவாங்க, இன்னிக்கு உன் வீடு நாளைக்கு என் வீடுன்னு நம்மூரு முறைப்பாசனம் மாதிரியேதான், சண்டையும் அதே மாதிரிதான். அந்தத் தண்ணியில வெளையற உருளைக்கிழங்குதான் அவங்களுக்கு சோறு போட்டது. குளிரும் காஞ்ச காத்துமா இருக்கறதால செடிக்கு வைரஸைப் பரப்பற அசுவினிப் பூச்சி தொல்லை கம்மி, அதனால வைரஸ் நோவு அவ்வளவா அண்டாது, விதைக்கிழங்குக்கு வெளி மாநிலத்துல நல்ல கிராக்கி. 1850கள்ல மாவட்டத் தலைநகரான கேலாங்குக்கு வந்த மொரேவியன்ங்கற கிறிஸ்தவ சபை மிஷனரிங்க கொண்டாந்த கிழங்கு, 1966ல அதுக்குன்னு சொசைட்டியே ஆரம்பிச்சிட்டாங்க. உங்க ரெண்டு பக்கத்துல ஒரு வரி இல்ல.

கம்பளி பின்னல் வேலையும் அந்த மிஷனரிங்க காலத்துலதான் பரவுச்சுன்னு சொல்வாங்க. நான் வாடகைக்கு இருந்த வீட்டம்மா பஸ்ஸுக்கு நிக்கறப்பவும் பின்னுவாங்க, மாட்டை ஓட்டிட்டு நடக்கறப்பவும் பின்னுவாங்க, ஊசியப் பாக்கவே மாட்டாங்க, பேச்சு எங்கிட்ட, கண்ணு மாட்டுமேல, ஆனா சாக்ஸ்ல அந்தக் கலர் டிசைன் ஒரு கண்ணி பிசகாது. எனக்கு ஒரு ஜோடி கொடுத்தாங்க, இன்னிக்கும் பீரோவுல அந்துருண்டை போட்டு வெச்சிருக்கு. இப்ப லாஹூல் சாக்ஸுக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கெடைச்சிருச்சு. எனக்கு அங்க உறுத்தினது ஒண்ணுதான், வயல் வேலை முக்காவாசி பொம்பளைங்க தலையில, ஆனா வழக்கப்படி பூர்வீக நெலம் மட்டும் ஆம்பளப் புள்ளைங்களுக்கு. அந்தம்மா அதைச் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

மணாலியையும் லாஹூலையும் ரோதாங் மலைக்கு அடியில சேக்கற அடல் டனல் பத்தி அரைப் பக்கம் எழுதிருக்கீங்க. 2020 அக்டோபர் 3ல தெறந்தாங்க, 9.02 கிலோமீட்டர், எல்லாம் சரி. அதுக்கு முன்னாடி குளிர்காலம் எப்படின்னு யார்கிட்டயாச்சும் கேட்டீங்களா? 3,978 மீட்டர் உசரத்துல ரோதாங் கணவாய், நவம்பர் வாக்குல மூடினா ஏப்ரல் மே வரைக்கும் வழி கெடையாது. ரோதாங்னா பொணக் குவியல்னு அர்த்தம் சொல்வாங்க, சும்மா வெச்ச பேர் இல்ல. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவத்துல சிக்கல், ஹெலிகாப்டருக்கு எழுதி வெச்சிட்டு மேகம் வெலகுமான்னு மூணு நாள் வானத்தையே பாத்துட்டு இருந்தோம், நாலாம் நாள்தான் சத்தம் கேட்டுச்சு. நல்லவேளை ரெண்டு உசுரும் தப்பிச்சுது. இப்ப அந்த மாதிரி கேஸ்னா ஜீப்ல போட்டு சில மணி நேரத்துல குலு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், அதுக்காக அந்த டனலுக்கு எத்தனை கும்புடு போட்டாலும் தகும்.

ஆனா அதே டனல் வழியாத்தான் லீவு நாள்ல வண்டி வண்டியா வந்து, டனல் தாண்டினதும் வர்ற சிஸ்ஸு ஊர்ல பிளாஸ்டிக்க கொட்டிட்டுப் போறாங்க. ஜனவரி பிப்ரவரியில அவங்களுக்கு ஹல்டா, பூனான்னு பண்டிகை வரும், சாமி காரியம், ஊர்ல சத்தமே இருக்கக்கூடாது. அந்த நாள்ல டூரிஸ்ட் வரவேணாம்னு சிஸ்ஸு பக்கம் ஊர்க்காரங்களே முடிவு பண்ணி நிறுத்திருக்காங்க, வருமானம் போனாலும் பரவால்லன்னு. உங்க கட்டுரை என்னடான்னா ஜனவரியில போங்க, பனி சூப்பரா இருக்கும்னு சொல்லுது.

கடைசியா ஒரு திருத்தம். திரிலோக்நாத் கோயில்னு நீங்க போட்டிருக்கற படம் ஸ்பிதியில இருக்கற கீ மடாலயம். திரிலோக்நாத்ங்கறது லாஹூல்லயே இருக்கற உதய்பூர் பக்கம், ராஜஸ்தான் உதய்பூர் இல்ல, உள்ள வெள்ளைப் பளிங்குச் சிலை ஒண்ணுதான், இந்துக்கள் சிவன்னு கும்புடுவாங்க, பௌத்தக்காரங்க அவலோகிதேஸ்வரர்னு கும்புடுவாங்க, நான் போனப்ப பூசை பண்ணினவரு ஒரு லாமா. கீ மடாலயம் குன்சும் கணவாய்க்கு அந்தாண்ட. குளிர்காலத்துல அந்தக் கணவாய் மூடிட்டா கேலாங்குலருந்து ஸ்பிதியில இருக்கற காசா ஊருக்குப் போக மணாலி எறங்கி, கின்னோர் வழியா ஊரையே சுத்தணும், ஒரே மாவட்டத்துக்குள்ள. அடுத்த வாரமாச்சும் சரியான படத்தைப் போட்டுருங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரெஃப் ஊழியர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.