தம்பிக்கு, விசா பணம் விஷயமாக

அன்புள்ள தம்பி,

உன் பெண்டாட்டியைப் பிரிட்டனுக்குக் கூட்டிப் போகும் விசாவுக்குப் பணம் காட்டச் சித்தப்பா சொன்ன யோசனைக்கு நீ சரி என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, அப்புறம் அவளிடமும் பேசு.

ராமநாதபுரத்தில் யாரோ ஒரு ஆள் இருக்கிறாராம், முப்பது லட்சத்தைக் கணக்கில் போட்டு வைப்பாராம், விசா கையில் வந்ததும் எடுத்துக்கொள்வாராம், நமக்குக் கமிஷன் மட்டும்தான் செலவாம். இது நம் பக்கம் புதுசா என்ன? நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே இதைப் பார்த்தாயிற்று. மாதக்கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று கிடக்கும் கணக்கில் ஒரு திங்கட்கிழமை திடீரென்று பன்னிரண்டு லட்சம் விழும், புதன்கிழமை பேலன்ஸ் சர்டிபிகேட் கேட்டு வந்து நிற்பார்கள், வெள்ளிக்கிழமை பழையபடி துடைத்தெடுத்திருக்கும். பாஸ்புக்கை ஒரு புரட்டுப் புரட்டினால் எங்களுக்கே தெரிந்துவிடும். இதையே நாள் முழுக்கப் பார்க்கிற விசா அதிகாரிக்குத் தெரியாதா? பிரிட்டன் விதியில் தெளிவாகவே இருக்கிறது: சேமிப்பு என்று காட்டும் பணம் அன்பளிப்பாக வந்திருக்கலாம், கடனாக வந்திருக்கக் கூடாது. ஆறு மாதம் உங்கள் கையில் இருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். மாட்டினால் இந்த விசா மட்டும் போகாது, அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "முன்பு மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டியிருக்கும். நகையை அடகு வைக்கலாம் என்று உன் பெண்டாட்டி சொன்னாள், பாவம். அதுவும் கடன்தான். நகை நகையாகவே இருந்தாலும் அதைச் சேமிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பணமாக இருக்க வேண்டும்.

நீ வேலை விசாவில் இருந்தபோதே கல்யாணம் நடந்திருந்தால் பெண்டாட்டியை அழைக்க வருடத்துக்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்கிற இந்த 29,000 பவுண்ட் கணக்கே இல்லாமல், உன்னைச் சார்ந்தவள் என்ற விசாவில் அவளைக் கூட்டிப் போயிருக்கலாம். நிரந்தர அனுமதி வாங்கியவனுக்குத்தான் இந்தத் தடை என்பது என்ன நியாயமோ. 2012 ஜூலையிலிருந்து 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரல் 11 முதல் ஒரேயடியாக 29,000 ஆக்கிவிட்டார்கள். 38,700 வரை கொண்டுபோவதாக இருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்த மட்டும் சரி.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். சம்பள ரசீதில் உனக்கு வருடம் 25,000. வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள தொகையைத்தான் பார்ப்பார்கள், கையில் வருவதை அல்ல, அதனால் உன் கூட்டாளி பயமுறுத்தியதை விட்டுவிடு. 29,000க்குக் குறைவது 4,000. அதற்கு ஈடாகச் சேமிப்பைக் காட்ட வேண்டும்: அதை இரண்டரையால் பெருக்கினால் 10,000, அதோடு 16,000 சேர்த்தால் 26,000 பவுண்ட். 16,000 என்பது எல்லோருக்கும் பொதுவான அடித்தொகை, குறைவு நூறு பவுண்டாக இருந்தாலும் அது வேண்டும். நம் பணத்தில் முப்பது லட்சத்தை ஒட்டி வருகிறது. சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட், ஒரு கோடி. அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உன் முதலாளி ரசீதில் ஒன்று போட்டுவிட்டு மீதியைக் கவரில் தருகிறார் அல்லவா, பிரச்சினையே அந்தக் கவர்தான். வரி கட்டாத காசு கணக்கில் வராது. கவர் காசையும் சேர்த்தால் உன் உழைப்புக்கு 29,000 தாண்டுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் மொத்தத்தையும் ரசீதில் ஏற்றி, வரி கட்டி, வங்கியில் போடச் சொல். வரி போனால் போகட்டும். அதே இடத்தில் அதே சம்பளத்தில் ஆறு மாதம் ஓடிவிட்டால் சேமிப்பே காட்ட வேண்டாம். ஒன்றை மனதில் வை: மாதச் சம்பளம் என்றால் அந்த ஆறு மாதத்தில் எந்த அளவு குறைவோ அதைத்தான் வருடத்துக்குக் கணக்குப் போடுவார்கள், நடுவில் ஒரு மாதம் "இந்தத் தடவை கொஞ்சம் குறைச்சு" என்று அவர் ஆரம்பித்தால் எல்லாம் முதலிலிருந்து.

நீ அனுப்பிய தாள்களை உன் பெண்டாட்டி மாதவாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மார்ச் ரசீதில் கையில் வரும் தொகை 1,790, ஸ்டேட்மென்ட்டில் விழுந்திருப்பது 1,740. அந்த ஐம்பது எங்கே? அறை வாடகைக்குப் பிடித்தாரா? ரசீதும் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், கேட்டு வை. இன்னொன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, ரசீதில் வெறும் இனிஷியல். முதலாளி தரும் கடிதத்திலாவது பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடச் சொல். அந்தக் கடிதத்தில் எப்போது சேர்ந்தாய், என்ன வேலை, நிரந்தரமா, வருடச் சம்பளம் எவ்வளவு, அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசி ஸ்டேட்மென்ட் விண்ணப்பத் தேதிக்கு 28 நாளுக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

முதலாளி முடியாது என்றால் உச்சிப்புளித் தோப்பை விற்கிறேன். முகத்தைத் தூக்காதே, தேங்காய் வெட்டுக்கூலி கூடக் கட்டுவதில்லை, கேட்பதற்கும் ஆள் இருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நிலம் விற்ற பணத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்ற சலுகை உண்டு, அது விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே நிலம் உன் பெயரிலோ அவள் பெயரிலோ இருந்தால்தான். தோப்பு என் பெயரில். ஆகவே விற்ற பணத்தை அன்பளிப்பாக அவள் கணக்கில் போட்டு ஆறு மாதம் விட்டுவைக்க வேண்டியதுதான். இந்திய வங்கியாக இருந்தாலும் பரவாயில்லை. டெபாசிட்டாகப் போடலாம், நினைத்தபோது உடைக்க முடிகிற டெபாசிட்டாக இருக்க வேண்டும். பவுண்ட் ஏறினால் ரூபாய்க் கணக்கு குறைந்துபோகும், அதனால் இரண்டு மூன்று லட்சம் கூடவே போடுகிறேன். மாமியார் மருமகளுக்குத் தருவதற்கு வரி இல்லை, அதில் வரும் வட்டி மட்டும் என் வருமானத்தில் சேரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் சம்பள வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் விசா 33 மாதத்துக்குத்தான், அது முடியும்போது மறுபடியும் வருமானத்தைக் காட்ட வேண்டும். தோப்புப் பணத்தை அதுவரை தொடாமல் வைத்திருக்க உங்களால் முடியுமா? சம்பளம் என்றால் அது பாட்டுக்கு நடக்கும். அவளும் அங்கே வேலைக்குப் போனால் அந்த முறை இரண்டு பேர் சம்பளமும் சேரும். இப்போது இங்கே அவள் பள்ளிக்கூடத்தில் வாங்குவது ஒரு காசுக்கும் கணக்கில் வராது, அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். நானோ அவள் அப்பாவோ "பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

ஆறு மாதம் என்றதும் மலைக்காதே. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மண்டபத்தில் யாரும் சும்மாவா இருக்கிறார்கள், படகைக் கரையேற்றி, இஞ்சினைப் பிரித்து, வலை பின்னி வைக்கவில்லையா. அவள் அதற்குள் ஆங்கிலத் தேர்வை முடிக்கட்டும், ஏ1 நிலைதான், அவளுக்கு அது ஒன்றுமில்லை. காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னைக்கு நான் கூட்டிப் போகிறேன், அந்தச் சான்றிதழும் ஆறு மாதம்தான் செல்லும், முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்போதே பதிந்தது நல்லதாகப் போயிற்று.

முதலாளியிடம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், தோப்பைக் கேட்கிறவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கமிஷன் ஆளை வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு நேராகப் போன் செய்தால் நீயும் அதையே சொல், இழுக்காதே.

அம்மா