பழைய வண்டியும் பந்தயக் கதையும்: நம் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கும்பகோணம், சுவாமிமலை, பாபநாசம், மயிலாடுதுறை பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, பழைய வண்டிகளிலும் பந்தயக் கதைகளிலும் ஆர்வம் கொண்ட நம் சங்கம் என்ன செய்தது என்பதற்கான கணக்கு இது. சென்ற ஆண்டு அறிக்கையை இரண்டு பக்கத்தில் முடித்தேன். "என்ன தம்பி, கரண்ட் பில் மாதிரி இருக்கு" என்றார் ஒரு அண்ணன். ஆகவே இந்த முறை நீளம். டீ வந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் 41 உறுப்பினர்கள் இருந்தோம். ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் வேலை மாற்றலாகி விலகினார். பாபநாசத்துப் பெரியவர் மார்ச்சில் காலமானார். ஆக இப்போது 46. பெரியவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாதம் ஒரு கூட்டம் என்று விதி. நடந்தது ஒன்பதுதான். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12இல் திறக்கவில்லை. தண்ணீர் ஜூலை கடைசியில் வந்ததால் ஆகஸ்டில் பாதிப் பேர் வயலில் இருந்தார்கள். நவம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோனது. இன்னொன்றுக்கு, நாம் முன்பே சொல்லி வைத்திருந்த மண்டபத்தை நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு ஒருவர் பந்தய வரலாற்றிலிருந்து ஒரு ஆளையோ ஒரு சம்பவத்தையோ எடுத்துப் பேச வேண்டும் என்று போன வருடம் முடிவு செய்தோமே, அது நன்றாகவே நடந்தது. ஜூன் மாதம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் 1903ஆம் ஆண்டின் பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்தை எடுத்துக்கொண்டார். எல்லாம் பொது ரோடு, தடுப்பு கிடையாது. தேர் பார்க்க நிற்பதுபோல ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். கார் வரும்போது விலகி, போனதும் மறுபடி நடுவில் வந்து எட்டிப் பார்த்தார்கள். கிளம்பிய புழுதியில் முன்னால் போகும் கார் பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை. ரெனோ கம்பெனி சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ, முந்தப் போய்க் கவிழ்ந்து உயிரை விட்டார். ஓட்டியவர்கள், கூட உட்கார்ந்த மெக்கானிக்குகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று மேலும் பல உயிர்கள் போயின. பந்தயம் மாட்ரிட் போய்ச் சேரவே இல்லை. போர்தோ நகரத்திலேயே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் கூடாது என்று உத்தரவு. கார்களைக் குதிரை கட்டி ரயிலடிக்கு இழுத்துப் போனார்கள்.

"அப்ப கடைசியில ஜெயிச்சது குதிரைதான்" என்றார் திருக்கடையூரிலிருந்து வரும் நம் உறுப்பினர். காணும் பொங்கல் ரேக்ளா பார்த்து வளர்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்.

ஆசிரியர் அதோடு விடவில்லை. அந்தப் பந்தயத்தில் மார்செலின் தம்பி லூயி ரெனோவுக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் ஃபெரென்ஸ் சீஸ் என்ற ஹங்கேரிக்காரர். மூன்று வருடம் கழித்து, 1906இல், லெ மான் ஊரில் கிராண்ட் பிரி என்ற பெயரில் முதல் பெரிய கார் பந்தயம் நடந்தபோது ரெனோ காரை ஓட்டி ஜெயித்தவர் இந்த மெக்கானிக்தான். இரண்டு நாள், 1,200 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தடவை ரோட்டை மூடி, ஊர் பக்கங்களில் வேலி அடித்திருந்தார்கள். டயர் கிழிந்தால் மற்றவர்களில் பலர் கத்தியால் அறுத்து எடுத்துப் புது டயரை மல்லுக்கட்டி ஏற்ற வேண்டும். சீஸின் காரில் மிஷலின் கம்பெனியின் கழற்றி மாட்டும் ரிம் இருந்ததால் டயரோடு ரிம்மையே மாற்றிவிட்டுக் கிளம்பினார். நம் சங்கத்தில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள் என்பதாலோ என்னவோ, அன்று கைத்தட்டல் கொஞ்சம் அதிகம்.

ஜூலைக் கூட்டம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த ஆண்டின் சிறந்த கூட்டம். நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்ரோ பற்றியது. 1920இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளை வாழ்நாள் முழுக்கத் தன் கொட்டகையில் வைத்துக் குடைந்துகொண்டே இருந்தவர். (பெயர்தான் இந்தியன், வண்டி அமெரிக்க வண்டி.) வாங்கும்போது அது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடுவதே கஷ்டம். 600 சிசி இஞ்சினை 950 வரை பெருக்கி, 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலையில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை படைத்தபோது அவருக்கு வயது 68. பிஸ்டனைத் தானே வார்த்தார். பழைய தகர டப்பாக்கள்தான் அச்சு. அளவு பார்க்கப் பழைய ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வைத்திருந்தார்.

இதைச் சொல்லி முடித்ததும் சுவாமிமலை ஸ்தபதி உறுப்பினர் எழுந்தார். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய வைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றும் தங்கள் முறையை விளக்கினார். ஊற்றும்போது உள்ளே காற்று நின்றால் சிலையில் ஓட்டை விழும். சிலைக்கு ஓட்டை விழுந்தால் அடைக்கலாம், பிஸ்டனுக்கு விழுந்தால் இஞ்சின் போச்சு, அந்த மனுஷன் எத்தனை பிஸ்டனை வீணாக்கியிருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். கூட்டம் முடிய ராத்திரி பத்தரை. வாட்ச்மேன் விளக்கை அணைத்த பிறகும் வாசலில் நின்று பேசினோம்.

செப்டம்பரில் நம் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மெக்கானிக் தம்பி வால்டர் காடன் பற்றிப் பேசினார். மேடையில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கையில் எழுதி வைத்திருந்ததைப் பார்க்கவே இல்லை. டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் நடுவில் வயிறு மாதிரி புடைத்துக் கடைசியில் சுருங்குகிறதே, ஏன்? எரிந்த புகையோடு சேர்ந்து எரியாத புதுப் பெட்ரோலும் வெளியே ஓடப் பார்க்கும். கடைசியில் சுருங்கும் பகுதியில் போய் மோதித் திரும்பும் அழுத்த அலை அதைச் சரியான நேரத்தில் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இதைக் கணக்காகச் செய்து காட்டியவர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி பந்தய இஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது. நாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆர்எக்ஸ் 100 கொடுத்தது சுமார் 11.

அப்புறம் கதை வேறு பக்கம் போயிற்று. காடனின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அந்த வருடம் உலகப் பட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அதே சமயத்தில் மனைவி மக்களைக் கார் டிக்கியில் ஒளித்து மேற்கு ஜெர்மனிக்கு எல்லை தாண்ட வைத்திருந்தார். பிறகு சுசுகியில் சேர்ந்தார். காடனின் வித்தையும் அவரோடு ஜப்பான் போனது. 1962இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு, ஓட்டியவர் டெக்னர். ஜப்பானின் சுசுகா ட்ராக்கில் இன்றும் ஒரு வளைவு அவர் பெயரில் இருக்கிறது. எண்பதுகளில் ஓசூரிலிருந்து சுசுகி பெயர் போட்ட 100 சிசி வண்டிகள் நம் ஊர்களுக்கு வந்தபோது, அந்தச் சைலன்சருக்குள் இப்படி ஒரு கதை இருப்பது நமக்குத் தெரியாது. டெக்னர் செய்தது துரோகமா, பிழைப்பா என்று ஒரு மணி நேரம் சண்டை. குடும்பத்தை டிக்கியில் வைத்து அனுப்பும் நிலையில் இருந்தவனை இங்கே மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஆனாலும் ஒரு வளைவுக்குக் காடன் பெயரையும் வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது என்பது தெரிந்த செய்தி. நம்மில் எட்டுப் பேர் வேன் பிடித்துப் போனோம். திரும்பி வரும்போது விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, கவர்மெண்டே ரோட்டுல ரேஸ் விடுது. நாம பைபாஸ்ல விட்டா மட்டும் தப்பா?"

அப்போது எல்லோரும் சிரித்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. மூன்று வாரத்தில் அந்தத் தம்பியும் அவன் நண்பனும் பைபாஸில் பந்தயம் விட்டு, லாரிக்கு ஒதுங்கி, மண்ணில் சறுக்கி விழுந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிவு, ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க சங்கத்துல சேர்ந்தப்புறம்தான் இவன் இப்படி ஆனான்" என்றார். என் மனைவி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்டோபர் கூட்டத்தில் அவனுடைய கேள்வியை நானே திரும்ப எடுத்தேன். சென்னையில் ஆகஸ்ட் 31 மதியம் தொடங்க வேண்டிய ஓட்டம் இரவுக்குப் போனது ஏன்? ட்ராக் பாதுகாப்பாக இருக்கிறது என்று சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சான்று கைக்கு வரவில்லை. தடுப்புச் சுவர், வலை, ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் தயார், இருந்தும் ஒரு காகிதத்துக்காக ஒரு நகரமே காத்திருந்தது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் 1903இன் புழுதி இருக்கிறது. 1955இல் லெ மானில் ஒரு கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இருக்கிறது. 1994இல் இத்தாலியின் இமோலா ட்ராக்கில் அடுத்தடுத்த இரண்டு நாளில் ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் செனாவும் விபத்தில் போனது இருக்கிறது. பைபாஸில் லாரிக்காரர் எந்தச் சான்றும் பார்த்து வருவதில்லை. பொது ரோட்டில் பந்தயம் விடும் உறுப்பினர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார் என்ற தீர்மானம் 19க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த நால்வரும் என் நண்பர்கள்தான். தீர்மானம் வருவதற்கு முன்பு நடந்தது என்பதால் அந்தத் தம்பியை நீக்கவில்லை. இப்போது மெக்கானிக் தம்பியின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்பரேட்டர் கழுவுகிறான்.

டிசம்பர் கூட்டம் கோயம்புத்தூர் பற்றி. அந்த ஊர்க்காரர் கரிவர்தன் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியதால்தான் நம் நாட்டுப் பையன்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் ஒரு பந்தயக் கார் கிடைத்தது. நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டிப் பழகியவர்தான். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் ட்ராக்குக்கு அவர் பெயர். நரேன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனார். அந்த ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நான்காவது வந்தார். "ஓடினதே ஆறு கார், அதுல நாலாவதா" என்று ஒருவர் இழுத்தார். உண்மைதான். மிஷலின் டயர் அந்த வளைவைத் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிவிட்டன. (1906இல் சீஸை ஜெயிக்க வைத்த அதே கம்பெனி, பாருங்கள்.) ஆனால் 14 பேர் நிற்க வேண்டி வந்தது நரேனின் குற்றமில்லை. அவர் கடைசிச் சுற்றுவரை வண்டியைக் கொண்டுவந்து 5 புள்ளி எடுத்தார்.

பொங்கலுக்கு வண்டிக் கண்காட்சி. புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஒரு ஆர்டி 350 உட்பட 17 வண்டிகள். அழகுக்காகச் சுற்றி வைக்கோல் கட்டு அடுக்கினோம். மதியம் யெஸ்டி ஒன்றில் பெட்ரோல் ஒழுகுவதைப் பார்த்து, வைக்கோலை எடுக்கச் சொல்லிக் கத்தினேன். கோபித்துக்கொண்டவர்கள் மன்னிக்கவும். 1967 மொனாக்கோ பந்தயத்தில் லோரென்சோ பண்டினியின் ஃபெராரி கவிழ்ந்தபோது, பாதுகாப்புக்கு என்று ட்ராக் ஓரம் வைத்த வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்தன. மூன்று நாளில் அவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் வைக்கோலை ட்ராக்கிலிருந்து விலக்கினார்கள். வைக்கோல் எப்படிப் பற்றும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. அந்த மாதக் கூட்டத்துக்கு வழக்கமான 25 பேருக்குப் பதில் மண்டபம் நிறைந்து வாசல் வரை நின்றார்கள். பிப்ரவரியில் மறுபடி 25. பிப்ரவரியில் பேசியது நம் முதல் பெண் உறுப்பினர். 2019இல், கரடுமுரடான பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவுப் பட்டம் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே பற்றி நன்றாகப் பேசினார். வராதவர்களுக்குத்தான் நஷ்டம். ஒரு பெண் சேர நமக்கு இத்தனை வருடம் ஆனது பெருமைப்படும் விஷயமில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் இரண்டு மட்டும் சொல்கிறேன். ஒன்பது பேர் சந்தா பாக்கி. ஒரிஜினல் என்று நம்பி வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய பிஸ்டன் கிட் 300 கிலோமீட்டரில் ஜாம் ஆகிவிட்டது. பில் இல்லாமல் வாங்கியது நம் தப்பு. பணம் திரும்பாது, நஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம்.

பாபநாசத்துப் பெரியவர். ஜனவரியில்தான் அவர் கடைசியாகப் பேசினார். உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில், கும்பகோணத்தில் ராத்திரி ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்தவர். "பிளேன் ஏற வேண்டிய இடத்துல வண்டி ஏறப் பார்த்துச்சு" என்பார். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியபின் ஒருமுறைகூடப் போகவில்லை. நிழல் வந்துவிட்டதாம். அவருடைய புல்லட்டை, வலது கால் கியர் வண்டி, அவர் மகன் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஆர்சி புத்தகம் இன்னும் பெரியவர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றும் செலவு, நிறுத்த இடம், வாரம் ஒருமுறை கிக்கர் உதைக்க ஒரு ஆள், இந்த மூன்றையும் இன்றைய கூட்டம் முடிவு செய்ய வேண்டும். சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்